மூன்று வயது மகளுக்கு ஷிச்சி-கோ-சான் கொண்டாடலாமா?

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. அவளோடு படிக்கும் பிள்ளைகள் நவம்பரில் கிமோனோ உடுத்தி, மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான ஷிச்சி-கோ-சான் சடங்குக்குக் கோயிலுக்குப் போகிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "அவங்க சாமி, அவங்க சடங்கு, நமக்கெதுக்கு?" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகப் போங்கள், சகோதரி. ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயிலில் யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள்.

மாமியாரிடம் இதன் பின்னணியைச் சொல்லிப் பாருங்கள். முற்காலத்தில் ஜப்பானில் குழந்தை பிழைத்து வளர்வதே பெரும்பாடு. பச்சைக் குழந்தைகளுக்குத் தலையை மழித்தே வைத்திருந்து, மூன்று வயதில்தான் முடி வளர்க்கத் தொடங்குவார்கள். ஐந்தில் பையனுக்கு முதல் ஹகாமா, அதாவது கிமோனோவுக்கு மேல் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கீழாடை. ஏழில் பெண்ணுக்குப் பெரியவர்களைப் போல இடுப்பில் ஓபி என்ற அகலமான துணிப்பட்டை. இவ்வளவு தூரம் காப்பாற்றிக் கொடுத்தாயே என்று சாமிக்கு நன்றி சொல்லும் நாள் இது. பிள்ளைகளுக்கு மொட்டை போட்டு, காது குத்தி வளர்த்தவருக்கு இது புரியாமல் போகாது.

என் கவலையெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். தலை அலங்காரம், ஸ்டூடியோ, கோயில், விருந்து என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தால் மூன்று வயதுப் பிள்ளை தாங்காது. போட்டோவை முன்னதாகவே வேறொரு நாளில் எடுத்துவிடுங்கள். இந்தச் சடங்குக்குரிய நாளான நவம்பர் 15 அரசு விடுமுறை இல்லை. பலரும் அக்டோபர், நவம்பர் சனி, ஞாயிறுகளில்தான் போகிறார்கள். கூட்டம் நெரியும் மெய்ஜி ஜிங்கு போன்ற பெரிய கோயில் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலே போதும். முன்கூட்டியே போன் செய்து காணிக்கை எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் 5,000 முதல் 10,000 யென் வரை இருக்கும். உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். பூசாரி வேண்டுதலில் குழந்தையின் பெயரை வாய்விட்டுப் படிப்பார். அதனால் படிவத்தில் பெயரைக் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) தெளிவாக எழுதுங்கள்.

மூன்று வயதுக்கு இறுக்கிக் கட்டும் ஓபி தேவையில்லை. கிமோனோவுக்கு மேல் ஹிஃபு என்ற பஞ்சு வைத்த கையில்லாச் சட்டையைப் போட்டால் போதும், அதுதான் வழக்கமும். ஜோரி செருப்பு காலைக் கடிக்கும்; பையில் அவளுடைய ஷூ இருக்கட்டும். அப்புறம், கொக்கும் ஆமையும் வரைந்த நீளப் பையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிதோசே அமே மிட்டாய் தருவார்கள். ஆயுள் நீள வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அதைக் குச்சியாக வாயில் வைத்துக்கொண்டு ஓட விடாதீர்கள். வீட்டுக்கு வந்து, துணியில் சுற்றி உடைத்து, சின்னத் துண்டாகக் கொடுங்கள்.

அன்றைக்குக் கிமோனோவே வேண்டாமென்று அடம்பிடித்தால் பட்டுப்பாவாடையிலேயே அழைத்துப் போங்கள். கோயிலில் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாமியாருக்கும் மனம் குளிரும்.