கோத்தகிரியில் சென்னைப் புல்தரை: பாசியும் மஞ்சளும் ஏன், என்ன செய்யலாம்?

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு சென்னை பாலவாக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்துவிட்டோம். அங்கே வீட்டு முன்னால் மெக்சிகன் புல் நன்றாக வந்ததால், இங்கேயும் அதையே வாங்கிவந்து பரப்பினோம். காலை மாலை தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியா, ஒட்ட வெட்டுவது, எல்லாம் அங்கே செய்தது போலத்தான். இப்போது ஜனவரியில் பார்த்தால் சில்வர் ஓக் நிழல் விழும் பக்கம் முழுக்கப் பாசி, மற்ற இடமெல்லாம் வைக்கோல் நிறம். புல் செத்துவிட்டதா? பிடுங்கிவிட்டு வேறு போடலாமா? பாலவாக்கத்து வீட்டில் மகன் இருக்கிறான். அங்கேயும் மழைக்குப் பிறகு வட்டவட்டமாகக் கருகியிருக்கிறதாம்.

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். வைக்கோல் நிறமாக இருக்கும் இடத்தில் ஒரு கைப்பிடிப் புல்லை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். இலையை விட்டுவிட்டு, இலையும் வேரும் சேருகிற அடிக்கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று நசுங்கினால்தான் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். மெக்சிகன், கொரியன், அருகு எல்லாமே வெப்பத்தில் வளரும் சாதி. மண் குளிர்ந்தால் இலையைக் காயவிட்டு, அடியில் உயிரை வைத்துக்கொண்டு படுத்துவிடும். பெரும்பாலும் உங்கள் புல்லுக்கும் அதுதான் நடந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறி ஒரு கோடை மழை விழட்டும், அப்புறம் முடிவு செய்யலாம். அதுவரை யூரியாவைத் தொடவே வேண்டாம். தண்ணீரும் தினம் வேண்டாம், வாரம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, இரண்டு அங்குல ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள்.

நிறம் தானாகச் சரியாகும் என்று வைத்துக்கொண்டாலும் பாசி தானாகப் போகாது. எனக்கு அதுதான் கவலை. தொட்டபெட்டா மறைப்பதால் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை கூடலூர் அளவுக்கு வராது, உங்களுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கில்தான். அது முடிந்த கையோடு பனிக்காலம். அதாவது மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த புல், தேறுவதற்குள் குளிரில் மாட்டிக்கொள்கிறது. பாலவாக்கத்து மணலில் ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அதனால் அங்கே காலை மாலை விட்டாலும் பெரிய கெடுதல் தெரியாது. இங்கே அதே பழக்கம், அதுவும் மரநிழலில், ஆள் நடந்து இறுகிப்போன மண்ணில் என்றால் பாசிக்கு நாமே பாய் விரித்த மாதிரி.

நம் மலை மண் புளிப்பு மண். தேயிலை நன்றாக வருவதற்கே காரணம் அதுதான். அதற்கு கார அமிலநிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். புல்லுக்கு 6-க்கு மேல் வேண்டும். மாதாமாதம் போட்ட யூரியா அந்தப் புளிப்பை இன்னும் கூட்டியிருக்கும். எனவே முதலில் மண் பரிசோதனை. நாலைந்து இடத்தில் நான்கு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோங்கள். எங்கே கொடுப்பது என்று குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். புளிப்பு என்று வந்தால், தேயிலைத் தோட்டங்களுக்கு விற்கும் அதே டோலமைட் சுண்ணாம்பை 100 சதுர அடிக்கு 2 கிலோ வீதம் தூவி நீர் தெளிக்கலாம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போடக்கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும்.

இருக்கிற பாசிக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும். 100 சதுர அடிக்கு 200 கிராம், பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியில் தெளியுங்கள். சில நாளில் பாசி கறுத்துவிடும், வாரியால் அள்ளிவிடலாம். சிமென்ட் நடைபாதையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, பார்த்துத் தெளியுங்கள். சுண்ணாம்பு இதற்குச் சில வாரம் கழித்துத்தான். ஆனால் வெளிச்சமும் வடிகாலும் கிடைக்காவிட்டால் அடுத்த மழைக்கே பாசி திரும்பி வரும். சில்வர் ஓக்கின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரத்தையே வெட்டுவதென்றால் மலைப்பகுதியில் அனுமதி வாங்க வேண்டும், 1955-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போது கம்பியால் நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி, துளைகளில் சலித்த மணலும் மக்கிய தொழுவுரமும் நிரப்புங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரை ஒரு சின்ன வாய்க்காலில் பிடித்து ஓடைக்கோ சாலைக் கால்வாய்க்கோ விடுங்கள். கீழ்வீட்டுத் தடுப்புச்சுவருக்குப் பின்னால் மட்டும் திருப்பிவிடாதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் எத்தனை சரிவுகள் ஆயின என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெட்டுவதை இரண்டு அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம்.

அப்படியும் ஏப்ரலில் துளிர்க்காத திட்டுகளுக்கு கிக்குயூ புல் வைக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்க மலைப் புல், நம் குளிருக்குப் பழகியது, சாலையோரமெல்லாம் ஏற்கனவே ஓடிக் கிடக்கிறது. உறைபனியில் கருகினாலும் திரும்பத் துளிர்த்துவிடும். ஆனால் பூப்பாத்தி, வேலி எதையும் பார்க்காது, தாவித் தாவிப் படரும். உங்கள் இடம் சோலைக்காட்டையோ இயற்கையான புல்வெளியையோ ஒட்டியிருந்தால் தயவுசெய்து வைக்க வேண்டாம். அங்கே நுழைந்தால் நம் மண்ணுக்கே உரிய புற்களை அமுக்கிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

ஒருநாள் காலையில் புல்தரை உழுதது போலக் கிடந்தால் அது காட்டுப்பன்றியாக இருக்கலாம், மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப்புழுவைத் தேடி வந்திருக்கும். ஒரு சதுர அடியைப் பெயர்த்துப் புழுக்களை எண்ணுங்கள். ஓரிரண்டு என்றால் விடுங்கள், பத்துக்கு மேல் என்றால் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளைத் தொழுவுரத்தில் கலந்து இடுங்கள்.

மகன் வீட்டு விஷயம் வேறு. கடற்கரைப் புழுக்கத்தில், மழைக்குப் பிறகு வட்டமாகக் கருகுவது பெரும்பாலும் பூஞ்சை. இரவில் இலை ஈரமாக இருப்பது அதற்குத் தோது, எனவே மாலைத் தண்ணீரை நிறுத்திவிட்டு விடிகாலையில் மட்டும் விடச் சொல்லுங்கள். வட்டம் பரவுவது நிற்கும் வரை யூரியா வேண்டாம், வெட்டிய புல்லை வாரி வெளியே போட வேண்டும். மணலில் உரம் சீக்கிரம் கரைந்து இறங்கிவிடும், பிறகு போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடட்டும். வட்டமாக இல்லாமல் நுனியிலிருந்து காய்ந்து வந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். உப்புதான் என்றால் மெக்சிகனை விட்டுவிட்டு, உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லுக்கு மாறுவது நல்லது.