அந்த ஒரு பவுண்டு நோட்டு

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 1966-ல் காணாமல் போன மூன்று குழந்தைகளுக்காக 2025-லும் மண்ணைத் தோண்டினார்களாமே! இத்தனை காலத்தில் உருப்படியாக ஒரு துப்புகூடவா கிடைக்கவில்லை?

பதில்: கிடைத்தது, அதுவும் ஒரு பேக்கரியில். ஜேனுக்கு 9 வயது, ஆர்னாவுக்கு 7, தம்பி கிராண்டுக்கு 4. ஜனவரி 26, ஆஸ்திரேலியா தினம். அடிலெய்டில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளெனெல்க் கடற்கரைக்கு மூவரும் தனியாக பஸ் ஏறிப் போனார்கள். (பெற்றவர்களைத் திட்டாதீர்கள். அன்று அந்த ஊரில் அது சாதாரணம்.) மதியம் திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை.

உயரமான, வெளிர்முடிக்காரர் ஒருவருடன் அவர்கள் விளையாடியதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் என்னை உறுத்துவது பேக்கரிக்காரர் சொன்னதுதான். அந்தப் பிள்ளைகள் அவருக்குப் பழக்கம். அன்று பேஸ்ட்டிகளோடு இறைச்சி அடைத்த ஒரு 'மீட் பை'யும் கேட்டார்கள். அதை அவர்கள் முன்பு ஒருநாளும் வாங்கியதில்லை. நீட்டியது ஒரு பவுண்டு நோட்டு. அம்மா கொடுத்தனுப்பியதோ எட்டரை ஷில்லிங், அதுவும் சில்லறையாக. பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து மாற்றிய நோட்டாகவும் இருக்க முடியாது. அப்படியானால் நோட்டு யாருடையது, அந்த 'மீட் பை' யாருக்கு? இந்த வழக்கில் யாரோ ஒருவரை மிக அருகில் தொட்டது இந்த இடத்தில்தான். 19 நாள் கழித்து நாடு டாலருக்கு மாறியது. பழைய நோட்டுகள் ஒவ்வொன்றாக வங்கிக்குப் போய்விட்டன.

இன்னொன்று. ஜேனுக்குக் கடற்கரையில் ஒரு 'பாய்ஃபிரண்ட்' இருப்பதாக ஆர்னா முன்பே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கூட விளையாடும் பையன் யாரோ என்று அம்மா நினைத்துக்கொண்டார். நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைத்திருப்போம்.

கேள்வி: ஞானதிருஷ்டிக்காரர் ஒருவரையும் வரவழைத்தார்களாமே?

பதில்: ஆமாம், நெதர்லாந்திலிருந்து ஜெரார்ட் க்ரோய்செட். அதே ஆண்டு நவம்பரில் வந்து, ஒரு கிடங்கின் கான்கிரீட் தளத்தைக் காட்டினார். மக்கள் 40,000 டாலர் திரட்டி அதை உடைக்க வைத்தார்கள். ஒன்றும் இல்லை. ஆசை விடவில்லை, 1996-ல் அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை.

அவரையாவது மன்னித்துவிடலாம். ஜேன் எழுதியதுபோல் கடிதம் போட்டு, பிள்ளைகளைத் திருப்பித் தருகிறேன் என்று பெற்றோரை ஓரிடத்துக்கு வரச்சொன்னவனை என்ன செய்வது? போய்க் காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. 1992-ல் கைரேகையை வைத்து ஆளைப் பிடித்தார்கள். எழுதியபோது அவன் பதின்வயதுப் பையனாம், விளையாட்டுக்குச் செய்தானாம்! காலம் கடந்துவிட்டதால் வழக்கும் போடவில்லை.

கேள்வி: பிறகு எதை நம்பி இன்னும் தோண்டுகிறார்கள்?

பதில்: சிறுவர்களாக இருந்தபோது, பிள்ளைகள் காணாமல் போன நாளை ஒட்டி ஒரு தொழிற்சாலை வளாகத்தில் தங்களைக் குழி வெட்டச் சொன்னார்கள் என்று இருவர் பிற்பாடு சொன்னார்கள். அதை நம்பித்தான் 2013, 2018, 2025 என்று மூன்று முறை தோண்டினார்கள். 2018-ல் எலும்பு கிடைத்தது என்று ஊரே மூச்சைப் பிடித்தது. அது விலங்கின் எலும்பு. பிள்ளைகள் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாதே என்று பெற்றோர் பல வருடம் அதே வீட்டில் இருந்தார்கள். அம்மா 2019-ல் காலமானார், அப்பா 2023-ல்.