கழற்றிய ரெகுலேட்டர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய டிவி, ஆம்ப்ளிபயர் போர்டுகளிலிருந்து 7805, 7812, 7905, 317 என்று, நிலையான வோல்ட்டேஜ் தரும் ரெகுலேட்டர் சிப்களை நிறையக் கழற்றி வைத்திருக்கிறேன். எது நல்லது, எது செத்தது என்று எப்படிப் பார்ப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: மல்டிமீட்டரின் டயோடு டெஸ்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரம் கொடுத்து, சுமையோடு அளந்தால்தான் உண்மை தெரியும். அதற்கு முன் கால்களைக் கவனியுங்கள். எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், பிளஸ் வோல்ட்டேஜ் தரும் 78 வரிசையில் இடமிருந்து இன்புட், கிரவுண்டு, அவுட்புட். மைனஸ் வோல்ட்டேஜ் தரும் 79 வரிசையில் கிரவுண்டு, இன்புட், அவுட்புட். 317க்கு அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். நான்கும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், 78ஐக் கழற்றிய இடத்தில் 79ஐப் போட்டுக் கெடுப்பவர்கள் அதிகம்.

7805க்கு 9 வோல்ட் கொடுங்கள். இன்புட்டில் 0.33 மைக்ரோ ஃபாரட், அவுட்புட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களைக் கால்களை ஒட்டியே வையுங்கள். சுமையாக 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர். 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. இன்புட் வோல்ட்டேஜ் அப்படியே வெளியே வந்தால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட், தூக்கிப் போடுங்கள். எண்கள் நிலையில்லாமல் அலைந்தால் சிப் மீது சந்தேகப்படும் முன் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். நீண்ட வயர்களில் கெப்பாசிட்டர் இல்லாமல் சோதித்தால் நல்ல சிப்பும் ஆசிலேட் ஆகும், அதாவது அவுட்புட் தானாக ஏறி இறங்கும். 7812 என்றால் 15 வோல்ட் கொடுத்து, 220 ஓம் ஒரு வாட் சுமையில் 11.5 முதல் 12.5க்குள் வருகிறதா பாருங்கள்.

கேள்வி: 7812தான் நிறைய இருக்கிறது. யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரிக்குச் சார்ஜர் செய்ய முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தாராளமாக. 7812 தன் அவுட்புட் காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையேதான் 12 வோல்ட்டைக் காக்கிறது. அந்தக் கிரவுண்டு காலை உயர்த்தினால் அவுட்புட்டும் கூடவே உயரும். கிரவுண்டு காலுக்கும் மைனஸுக்கும் நடுவில் நான்கு 1என்4007 டயோடுகளைத் தொடராக, வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம் இருக்கும்படி போடுங்கள். சிப் அந்தக் கால் வழியே விடும் 5 மில்லி ஆம்பியர் அளவிலான கரண்டில் ஒவ்வொரு டயோடும் 0.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் தாங்கும். அவுட்புட் சுமார் 14.5 வோல்ட் ஆகும். அங்கிருந்து ஒரு 1என்5408 டயோடு, அடுத்து 3.3 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், பிறகு பேட்டரி. மிதப்பு நிலையில், அதாவது பேட்டரி நிரம்பிய பிறகும் சார்ஜரிலேயே இருக்கும்போது, அதற்குப் போவது ஏறக்குறைய 13.8 வோல்ட்.

அந்த 1என்5408ஐ விட்டுவிடாதீர்கள். மின்வெட்டு வந்ததும் பேட்டரி கரண்ட் அவுட்புட் வழியே சிப்புக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். 3.3 ஓம், காலியான பேட்டரி இழுக்கும் கரண்டைச் சுமார் 0.7 ஆம்பியரில் நிறுத்தும். 7 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அது பொருத்தமான அளவு. இன்புட்டுக்கு 18 வோல்ட் டிசி வேண்டும். சிப்பில் 2.5 வாட் வரை வெப்பம் வருவதால் ஹீட் சிங்க் கட்டாயம்.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். 7812இன் உலோக முதுகும் கிரவுண்டு காலும் ஒன்றே. அந்தக் கால் இப்போது மைனஸைவிட 2.5 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. முதுகு இரும்புப் பெட்டியைத் தொட்டு, பெட்டி மைனஸோடு சேர்ந்திருந்தால் நான்கு டயோடும் ஷார்ட் ஆகி, பேட்டரிக்குப் போவது 11 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கிவிடும். மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் போட்டே திருகுங்கள்.

அளக்கும்போது பேட்டரிக்குப் பதிலாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை வைத்து அளங்கள். சும்மா அளந்தால் 1என்5408இல் இறக்கம் இல்லாமல் மீட்டர் கூடுதலாகக் காட்டும். 13.8க்கு மேல் வந்தால் நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு இறக்கம் குறைவான 1என்5819 ஷாட்கி டயோடு போடுங்கள், 0.4 வோல்ட் போலக் குறையும். நம் ஊர்க் கோடையில் 13.5, 13.6 இருப்பதே பேட்டரிக்கு நல்லது.

கேள்வி: இரண்டு 7805ஐ இணையாகச் சேர்த்தால் 2 ஆம்பியர் கிடைக்குமா? (கரூர் வாசகர்)

பதில்: கிடைக்காது. ஒன்று 5.02, இன்னொன்று 4.97 கொடுக்கும். உயர்ந்தது முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும், மற்றது சும்மா இருக்கும். சுமையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி 7805 கொடுங்கள்.

கேள்வி: 317ஐ வைத்து 1 வாட் எல்இடி எரிப்பது எப்படி? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் இடையே 3.6 ஓம் 1 வாட் ரெசிஸ்டர். எல்இடியின் பிளஸ், அட்ஜஸ்ட் காலில். 317 அந்த ரெசிஸ்டரில் எப்போதும் 1.25 வோல்ட்டையே வைத்திருப்பதால் 350 மில்லி ஆம்பியர் நிலையாக ஓடும். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடி இரண்டுக்கு மேல் தொடராகப் போடாதீர்கள். சிப்புக்கும் ரெசிஸ்டருக்கும் சேர்த்து 3 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வேண்டும். மூன்றாவது எல்இடி அதைத் தின்றுவிடும்.

கேள்வி: மொபைல் சார்ஜரில் கிடைத்த 431ஐ வைத்து பேட்டரி லோ காட்டி செய்தேன். எல்இடி முழுதாக அணைவதே இல்லை. (வேலூர் வாசகர்)

பதில்: எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், அணைந்துவிடும். 431 என்பது ரெஃபரன்ஸ் காலில் சுமார் 2.5 வோல்ட் வந்தால் திறந்து கரண்டை விடும் சிப். அது மூடியிருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும், எல்இடி மங்கலாக எரிய அதுவே போதும். அந்தக் கசிவை இணை ரெசிஸ்டர் தன் வழியே எடுத்துக்கொள்ளும். எல்இடிக்குத் தொடரில் 1 கிலோ ஓம் வேண்டும். ரெஃபரன்ஸ் காலுக்குப் பிளஸிலிருந்து 36 கிலோ ஓம், மைனஸுக்கு 10 கிலோ ஓம் வைத்தால் சுமார் 11.5 வோல்ட்டுக்குக் கீழே எல்இடி அணையும். இரண்டும் 1 சதவீத ரெசிஸ்டராக இருக்கட்டும். 5 சதவீதம் என்றால் மோசமான நிலையில் ஒரு வோல்ட் அளவுக்குக்கூடத் தள்ளிப்போகும்.

சார்ஜரைப் பிரிப்பவர்கள் கவனத்துக்கு: உள்ளிருக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கலாம். 10 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் சில நொடிகள் வைத்து, மீட்டரில் சுழி வந்த பிறகே கை வையுங்கள்.