ஒரே முதுகுப்பையில் பிராக்

கேள்வி: ஏப்ரலில் நான்கு நாள் பயணமாக லண்டனிலிருந்து செக் குடியரசின் தலைநகர் பிராக் போகிறேன். விமானத்தில் 40×30×20 செ.மீ. பைக்கு மட்டும்தான் கட்டணமில்லை. சமாளிக்க முடியுமா?
- ஒரு வாசகி, லண்டன்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் சக்கரப் பெட்டி வேண்டாம். சக்கரமும் கைப்பிடியும் இடத்தைத் தின்றுவிடும். பழைய நகரின் கல் பாவிய தெருக்களில் அதை இழுப்பதும் பெரும்பாடு. 20 லிட்டர் முதுகுப்பை போதும். முன்பக்க அறையைத் திணிக்காதீர்கள், பை உப்பி, விமான நிலையத்தில் பையின் அளவு பார்க்கும் கூண்டில் நுழையாது. கூடுதல் கட்டணம் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

பகலில் 14 டிகிரி இருந்தாலும் இரவில் 4 வரை இறங்கும். தடித்த கோட்டைவிட மெல்லிய கம்பளி உள்சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு என மூன்றடுக்கு நல்லது. கனமான ஷூ, ஜீன்ஸ், மழைக்கோட்டை உடுத்திக்கொண்டே ஏறுங்கள். பைக்குள் மேல்சட்டை 3, மாற்றுக் கால்சட்டை 1, உள்ளாடையும் காலுறையும் 4 ஜோடி.

பலரும் சறுக்குவது திரவத்தில். பிரிட்டனின் சில விமான நிலையங்கள் இப்போது பெரிய பாட்டிலை விடுகின்றன. திரும்பும் இடத்தில் 100 மி.லி.-க்கு மேற்பட்ட பாட்டில் கூடாது என்ற விதி இருந்தால் அது பறிபோகும். கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்கு: 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி ஷாம்பு இருந்தாலும் செல்லாது. ஊறுகாய், தொக்கும் திரவமே. பருப்புப்பொடி கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள் எடுத்துச்செல்லத் தடை. பிரிட்டன் மூன்றுமுனைப் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று வையுங்கள்.