கஜா தூக்கிய கூரைக்குப் பதிலாக: கடலோரப் பள்ளியை எப்படிக் கட்டுவது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழும் கிராமம் எங்களுடையது. கஜா புயலில் எங்கள் தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கூரை போய்விட்டது. அன்று முதல் தகர ஷீட் போட்டுத்தான் வகுப்பு நடக்கிறது. காற்று பலமாக அடித்தால் தகரம் தடதடக்கும். கஜாவைப் பார்க்காத சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்துக்கு அழுகிறார்கள். இப்போது முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டித் தருகிறார்கள். அவர்கள் மாடிக் கட்டடம்தான் வேண்டும் என்கிறார்கள். ஆசிரியர்கள், ‘கான்கிரீட் வெயிலில் வேகும், நல்ல ஷீட்டே போதும்’ என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களோ, ‘புயல் வந்தால் ஊரே தங்குகிற மாதிரி இருக்கணும்’ என்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் எதற்குச் சம்மதிப்பது?

பதில்: மூன்று தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. ஆனால் கூரையைப் பேசுவதற்கு முன் தரையைப் பேசிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று கடல் எதுவரை வந்தது, கஜா கரை கடந்த 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கே தண்ணீர் நின்றது, பெருமழையில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பதெல்லாம் உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரியும். அவர்களை அழைத்துக்கொண்டு ஒரு நடை நடந்து, அவர்கள் காட்டும் சுவரிலும் மரத்திலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஒரு மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைப் பிடித்து அந்த உயரத்தைப் பள்ளி மனைக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு அடியாவது ஏறித்தான் பள்ளியின் தரைமட்டம் அமைய வேண்டும். செலவைக் குறைக்கப் பேச்சு வந்தால் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த உயரம்தான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி கூரை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 90 கிலோ விசையைச் செலுத்தும். கூரைக்கு மேல் பாயும்போது அது அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் கூரை சுமார் 37 சதுர மீட்டர். அதை மூன்று டன்னுக்கு மேற்பட்ட விசையோடு ஒரு கை மேலே இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஷீட் கூரையின் எடை அரை டன் அளவுதான், தகரம் அதைவிடக் குறைவு. மீதி விசை முழுவதையும் தாங்குபவை ஷீட்டைப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு ஜே போல்ட்டும் (கொக்கி போல் வளைந்த போல்ட்), அது பிடித்திருக்கும் பர்லினும் (ஷீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம்), பர்லினைச் சுவரோடு கட்டிய கம்பியும். அவற்றில் ஒன்று துருப்பிடித்திருந்தால் போதும், அந்த இடத்தில் பிரிய ஆரம்பிக்கும். ஆறு அங்குலக் கான்கிரீட் கூரைத்தளம் இதே பரப்பில் 13 டன்னுக்கு மேல் இருக்கும். காற்று அதை அசைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புயலின் கண் நேராகக் கடக்கும் ஊரில் முதலில் வாடைக்காற்று அடிக்கும், பிறகு கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும், அதன் பின் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் வீச்சில் தளர்ந்த கூரையை இந்த இரண்டாம் வீச்சு கொண்டுபோய்விடும். அதனால்தான் வகுப்பறைகளுக்குக் கான்கிரீட் தளம் என்பது என் முடிவு. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையும் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, 2015) கிழக்குக் கடற்கரையில் சுமார் 60 கிலோமீட்டர் அகலத்துக்குள் கட்டும் பள்ளிகளை மருத்துவமனைகளோடு ஒரே வரிசையில் வைக்கிறது. சாதாரணக் கட்டடத்துக்கு எடுக்கும் காற்று வேகத்தைவிட 1.3 மடங்கு எடுத்துக் கணக்கிடச் சொல்கிறது. வேகம் 1.3 மடங்கானால் அழுத்தம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். உங்கள் ஒன்றியப் பொறியாளரிடம், ‘இந்தக் கணக்கைப் போட்டீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கான்கிரீட்டுக்கு உங்கள் ஊரில் வேறொரு எதிரி உண்டு: உப்பு. கடலோரப் பள்ளிகளில் பதினைந்து வருடம்கூட ஆகாத தளம் வெடித்து, பிள்ளைகள் தலைக்கு மேல் சில்லு சில்லாகக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுகிறது. துரு பிடித்த கம்பி பருத்து, தன் மேல் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அந்தக் கம்பியை எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கிறது (இதைத்தான் ‘கவர்’ என்பார்கள்) என்பதில்தான் தளத்தின் ஆயுளே அடங்கியிருக்கிறது. உள்நாட்டு ஊரில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர் போதும். கடற்காற்று நேரே படும் இடத்தில் 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட் குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும்.

இது வரைபடத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கும். தளம் போடும் அன்று நடப்பது வேறு. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் தீர்ந்துபோகும், யாரோ கம்பிக்கு அடியில் இரண்டு ஜல்லியைச் சொருகுவார். கான்கிரீட் சட்டி தூக்கி வருபவர்கள் கம்பி மேலேயே நடப்பார்கள், ஜல்லி நழுவும், கம்பி போய்ச் சென்டரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே கான்கிரீட் விழுந்த பிறகு யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் நாள் மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். பத்து இடத்தில் பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கம்பி மேல் நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கலவைக்கும் க்யூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதற்கும்) உவர்நீர் கூடவே கூடாது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் லாரித் தண்ணீருக்கு முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள்.

வெயில் பற்றி ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதியுங்கள், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வையுங்கள், வெயில் படும் பக்கத்தில் அகலமான தாழ்வாரம் இறக்குங்கள். தாழ்வாரத்தை ஷீட்டிலேயே போடலாம், ஆனால் வகுப்பறையின் கட்டமைப்போடு சேர்த்துக் கட்டாமல் தனித் தூண்களில் தனியாக நிற்கட்டும். ஒரு பெரும்புயலில் அது போனாலும் வகுப்பறையை இழுத்துக்கொண்டு போகாது. ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம். உள்ளிருந்து இரண்டு தாழ்ப்பாள் போடும் மரக்கதவு வையுங்கள்.

மாடி வேண்டுமா? இதற்கு ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பிள்ளைகளும் முதியவர்களும் இருட்டில் நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் அரசின் பல்நோக்கு பேரிடர் மையம் இருந்தால், பள்ளியைத் தரைத்தளத்தோடு நிறுத்துங்கள். மிச்சப் பணத்தைக் கழிப்பறைக்கும் சமையலறைக்கும் போடுங்கள். அப்படி மையம் இல்லையென்றால் மேலே ஒரு பெரிய கூடம் கட்டத்தான் வேண்டும். வெறும் மொட்டைமாடி போதாது. சுனாமி வெயிலடிக்கும் காலையில்கூட வரும், அப்போது மொட்டைமாடி உயிரைக் காக்கும். புயலிலோ கடல் உள்ளே வரும் நேரத்தில் காற்றும் மழையும் கூடவே வரும், மொட்டைமாடியில் யாராலும் நிற்க முடியாது. கூடத்துக்கு ஏறும் படிக்கட்டு கட்டடத்துக்கு வெளியே, ஐந்தடி அகலத்தில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. ஒவ்வொரு வகுப்பறைக்கும் இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும்படி வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஊர் வந்து தங்கும் பள்ளி மறுபடி எப்போது திறக்கும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பதிவேடு, புத்தகம், காலை உணவுக்கான அரிசி பருப்பு எல்லாவற்றையும் வைத்துப் பூட்ட ஒரு சிறிய அறை மாடியில் இருக்கட்டும். பெண்களுக்கான கழிப்பறை, இரவில் பயமில்லாமல் போய்வரும்படி கூடத்தை ஒட்டியே அமையட்டும். கைப்பம்பின் மேடையையும் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அப்புறம் ஆடு. ஆட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிற குடும்பங்கள் எல்லாக் கடலோர ஊரிலும் உண்டு. வங்கதேசத்துத் தீவுகளில் கால்நடைகளுக்கென்றே மண்மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் விளையாட்டுத் திடலின் ஒரு மூலையில் அப்படி ஒரு மேடு போட்டால் மற்ற நாளில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள்.

தென்னையைக் கட்டடத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். வேம்பு, புங்கன், பூவரசு எதுவானாலும் அது வளரும் உயரத்தைவிடத் தள்ளியே நடுங்கள்.

கடைசியாக, இப்போது அழும் பிள்ளைகள். புதுக் கட்டடம் எழும்ப எப்படியும் ஒரு வருடம் ஆகும். தகரம் தடதடக்கிறது என்றாலே போல்ட் தளர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அது பயப்பட வேண்டிய சத்தம்தான், பிள்ளைகள் சரியாகத்தான் பயப்படுகிறார்கள். ஒரு வெல்டரையும் ஒரு ஏணியையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை இது: துருப்பிடித்த ஜே போல்ட்டை எல்லாம் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் புது ரப்பர் வாஷர் போட்டு இறுக்குங்கள், ஷீட்டின் ஓரங்களிலும் முகட்டிலும் போல்ட்டை இரட்டிப்பாக்குங்கள், காற்று முதலில் பிடித்துத் தூக்குவது அங்கேதான். சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள்.