முதல் அத்தியாயம் இல்லாத பெட்டி
("ட்வின் பீக்ஸ்" வட்டுகள்: வாசகர் கேள்வி - பதில்)

டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய அமானுஷ்யத் தொடர் இது. 1990 ஏப்ரல் 8 முதல் 1991 ஜூன் வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடியது. லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கரை ஒதுங்குவதில் கதை தொடங்குகிறது. வட்டுகள் பற்றி வந்த கேள்விகளில் சில:

பழைய டிவிடி பெட்டி ஒன்று மலிவாக வந்தது. முதல் சீசன் 7 எபிசோட் என்று போட்டிருக்கிறது. 8 அல்லவா? வாங்கலாமா? (கோவை வாசகர்)

வாங்காதீர்கள். அது 2001 டிசம்பரில் ஆர்ட்டிசன் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட பெட்டியாக இருக்கும். அதில் குறைவது சாதாரண எபிசோட் அல்ல, "பைலட்" எனப்படும் முதல் அத்தியாயம். ஒன்றரை மணி நேரத் தொடக்கமே இல்லாமல் நேராக "எபிசோட் 1" ஓடும். பிணம் கிடைத்ததையும் எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பர் ஊருக்கு வந்ததையும் பார்க்காமலேயே கதைக்குள் விழுவீர்கள்.

பைலட்டின் வீடியோ உரிமை தனியாக இருந்ததால் வந்த வினை இது. ஐரோப்பாவில் தனிப் படமாக விற்க வேண்டும் என்பதற்காக, பைலட்டின் கடைசியில் மர்மத்தை அவசரமாக அவிழ்க்கும் ஒரு முடிவையும் எடுத்துச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 20 நிமிடம் கூடுதல். வெகு காலம் அமெரிக்கக் கேசட்டில் கிடைத்ததும் இந்தப் பதிப்புதான். சிவப்புத் திரைச்சீலை தொங்கும் அறைக் காட்சிகள் முதலில் இந்த முடிவுக்காகத்தான் எடுக்கப்பட்டன. பிறகு லிஞ்ச் அவற்றில் சிலவற்றை எபிசோட் 2-இல் கூப்பரின் கனவாக வைத்தார். முதல்முறை பார்ப்பவர் இந்தப் பதிப்பில் தொடங்கினால் கனவின் வீரியம் அப்போதே போய்விடும்.

2007 அக்டோபரில் வந்த 10 வட்டு "கோல்ட் பாக்ஸ்" டிவிடியில் இரண்டு பைலட்டும் உண்டு. மெனுவில் ஒளிபரப்பான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ப்ளூ-ரே பிளேயர் இருந்தால் 2014-இல் வந்த "தி என்டயர் மிஸ்டரி" மேல். இந்தத் தொடரின் முன்கதையாக வந்த 1992 திரைப்படமும் அதில் வெட்டப்பட்ட சுமார் ஒன்றரை மணி நேரக் காட்சிகளும் சேர்ந்தே வரும். 2017-இன் மூன்றாம் சீசன் இதில் இருக்காது, தனியே வாங்க வேண்டும். 2019-இன் 21 வட்டுப் பெட்டியில் எல்லாம் உண்டு. ஆனால் 25,000 பிரதிகளே அச்சிட்டார்கள். பைலட்டும் மூன்றாம் சீசனின் 8-ஆம் பகுதியும் 4கே-யில் கிடைக்கும் என்பதற்காகப் மறுவிற்பனையில் கேட்கும் விலையைக் கொடுப்பது சேகரிப்பாளர் வேலை, பார்வையாளர் வேலை அல்ல.

திரைப்படம் முன்கதைதானே, அதை முதலில் பார்க்கலாமா? (யாழ்ப்பாணம்)

கூடாது. கொலையாளி யார் என்பதை அது மறைப்பதே இல்லை. பைலட், எபிசோட் 1 முதல் 29 வரை, திரைப்படம், வெட்டிய காட்சிகள், மூன்றாம் சீசனின் 18 பகுதிகள்: இதுதான் வரிசை.

இரவுக் காட்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. வட்டு கோளாறா? (மதுரை)

பெரும்பாலும் வட்டு அல்ல, பிளேயரும் டிவியும் ஒத்துப்போகாததுதான். வீடியோவில் வெளிச்ச அளவு எண்ணாகப் பதிவாகும்; கறுப்பு 16, வெள்ளை 235 என்பது கணக்கு. பிளேயர் அதை 0-255 ஆக விரித்து அனுப்ப, டிவி 16-235 என்றே எண்ணிப் படித்தால், 16-க்குக் கீழே விழுந்த நிழல் விவரமெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். மாறாக நடந்தால் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும். பிளேயரின் எச்டிஎம்ஐ அமைப்பில் ஆர்ஜிபி "ஃபுல்" என்றிருந்தால் "லிமிடெட்" ஆக்குங்கள். டிவியையும் அதற்கே வையுங்கள்.

அடுத்து டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்துக்கேற்ப மங்கும் ஈகோ சென்சார், அசைவை வழவழப்பாக்கும் வசதி மூன்றையும் அணையுங்கள். கடைசியாகத்தான் பிரைட்னஸ். இதற்கு இந்தத் தொடரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. முதல் இரண்டு சீசனும் 4:3 சட்டகம். ப்ளூ-ரேயில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். விளக்கை அணைத்து, இரவுக் காட்சி ஒன்றில் நிறுத்துங்கள். பட்டை சாம்பலாகும் வரை பிரைட்னஸை ஏற்றி, மறுபடி கறுப்பாகும் வரை ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள். அங்கே விடுங்கள். இரண்டாம் சீசன் முடிவில் வரும் சைகமோர் மரத்தோப்பில் அடிமரங்களின் விளிம்பு பிரிந்து தெரிந்தால் சரி. பட்டை பிடிக்கவில்லை என்று படத்தை இழுத்துவிடாதீர்கள், முகங்கள் பூசணிக்காயாகிவிடும்.

டிவிடியில் இருட்டான இடங்களில் சதுரம் சதுரமாகத் தெரிவது சுருக்கத்தின் குறை. ஷார்ப்னஸைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும், முழுதாகப் போகாது.

அமெரிக்க டிவிடியில் 47 நிமிடம், ஐரோப்பிய டிவிடியில் 45. எதை வெட்டினார்கள்? (சிங்கப்பூர்)

எதையும் வெட்டவில்லை. விநாடிக்கு 24 சட்டகப் படத்தை, ஐரோப்பிய டிவிடிகளின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் வழக்கமாக 25 ஆக ஓட்டுவார்கள். நாலு சதவீத வேகம், 47 நிமிடம் 45 ஆகும். சுருதி திருத்தப்படாமல் இருந்தால் தொடரின் இசையமைப்பாளர் பாடலாமென்டியின் இசை முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிக் கேட்கும். காது கூர்மையானவர்கள் அமெரிக்க டிவிடியோ ப்ளூ-ரேயோ வாங்குவது நல்லது.

சிவப்பு அறையில் குரல் தேய்ந்து ஒலிக்கிறது. வேறு பிரதியிலும் அப்படியே. (திருச்சி)

நடிகர்கள் வசனத்தைப் பின்னிருந்து முன்னாக உச்சரித்துப் பேசி, நடையையும் பின்னோக்கி நடித்தார்கள். அந்தப் படச்சுருளைத் தலைகீழாக ஓட்டியதுதான் நீங்கள் கேட்பது. வட்டில் குறையில்லை.

வெளிநாட்டு வட்டு இங்கே ஓடுமா? (சென்னை)

வட்டின் விற்பனை மண்டலமும் பிளேயரின் மண்டலமும் ஒத்துப்போக வேண்டும். டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. அட்டையின் பின்புறக் குறியைப் பார்த்து வாங்குங்கள். 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை. கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவதாக வைத்தது நிரந்தரம். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

பழைய வட்டில் கீறல். பற்பசை தேய்க்கலாமா? (சேலம்)

ப்ளூ-ரேயில் வேண்டவே வேண்டாம். அதன் தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது; மேலே இருக்கும் கடினப் பூச்சைத் தேய்த்தால் வட்டு போச்சு. டிவிடியில் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழம், அதனால் கடைகளில் இயந்திரம் வைத்துப் பாலிஷ் போட முடியும். வீட்டில் மைக்ரோஃபைபர் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் தடத்தோடு ஓடும், பிழை திருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. எபிசோட் நடுவே ஒரே இடத்தில் ஒரு கணம் நின்று ஓடினால் கவலைப்படாதீர்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் லேசர் அடுத்த அடுக்குக்கு மாறும் இடம் அது.