ரிவர்ஸ் சண்டை போலியாகத் தெரிவது ஏன்?

நண்பரே, உங்கள் குறும்படத்தில் உளவாளி காலத்தில் முன்னோக்கியும் எதிரி பின்னோக்கியும் நகர்ந்தபடி மோதுகிறார்கள். ஷாட்டை எடிட்டிங்கில் ரிவர்ஸ் செய்தால் இருவருமே பொம்மை மாதிரி தெரிகிறார்கள் என்கிறீர்கள். முழு ஷாட்டையும் திருப்பினால் உளவாளியும் சேர்ந்தே திரும்பிவிடுவார், சிக்கல் அங்கேதான்.

ஷாட்டுக்கு ஷாட் முடிவெடுங்கள். உளவாளியின் முகம் தெரிந்தால் நேராகவே எடுங்கள், எதிரி பின்னோக்கி நடிக்கட்டும். தூசி, புகை, உடையும் கண்ணாடி இருந்தால் மட்டும் ரிவர்ஸ். அப்போது பின்னோக்கி நடிக்க வேண்டியவர் உளவாளி. அவர் முகத்தை கேமராவுக்குக் காட்டாதீர்கள், கண் சிமிட்டலே காட்டிக்கொடுத்துவிடும்: இமை சட்டென மூடி, மெதுவாகத் திறப்பதுதான் இயல்பு.

அதிகம் சொதப்புவது குத்து. நிஜத்தில் முதலில் முஷ்டி படும், பிறகு தலை சாயும். பின்னோக்கி வருபவருக்கு இது தலைகீழ்: தலை ஏற்கெனவே சாய்ந்திருக்க வேண்டும், முஷ்டி வந்து சேரும் கணத்தில் வெடுக்கென்று நிமிர வேண்டும். இந்த அசைவை மட்டும் தனியாக, பாதி வேகத்தில் ஒத்திகை பாருங்கள். ஒத்திகையை மொபைலில் எடுத்து அங்கேயே ரிவர்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டால் பிழை உடனே பிடிபடும்.

ஷாட்டுகளை 3 நொடிக்குள் வெட்டுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி போதும். அதைவிட வேகமாக வைத்தால் அசைவின் மங்கல் குறைந்து, ஒவ்வொரு தயக்கமும் பளிச்சென்று தெரியும். எதிரியின் காலடிச் சத்தத்தை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள். குத்துச் சத்தம் நேராகவே இருக்கட்டும், திருப்பினால் அடியின் கனம் போய்விடும்.